துல்லியமும் வாய்மையும்

வீட்டு வெப்பத்தை அளந்து மின்விசிறியை இயக்க உதவும் டி.எஸ்.18பி20 என்னும் உணர்கருவி, செல்சியஸ் பாகையில் 0.0625 வரை நுணுகிக் காட்டும். ஆயினும் அவ்வளவீடு அரைப்பாகை கூடவோ குறையவோ பிழைபடலாம் என அதனை ஆக்கியோரே அறிவிக்கின்றனர். அங்ஙனமாயின், 28.4375 என்பதை 28.5 எனச் சுருக்குதல் உண்மையைக் குறைப்பதாகுமா? ஆகாது, கருவி உறுதிசெய்ய இயலாத இலக்கங்களே நீங்குகின்றன. வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காண நுண்ணிலக்கம் பயன்படும். அதனையே அறையின் மெய்யான வெப்பமாகக் கூறுவதே குற்றம்.

மாணவனுக்கு 67.5 மதிப்பெண் இட்ட ஆசிரியர், அவன் அறிவை அரைப்புள்ளி பிசகாமல் அளந்துவிட்டதாக எண்ணுவாராயின், அவரும் அக்குற்றத்திற்கு ஆளாவார். தான் அறிந்த எல்லையைக் கடந்து பேசாதிருத்தல் வாய்மையின் ஒரு கூறு. பள்ளியிலும் வீட்டிலும் அதுவே கற்கத்தக்கது.