பாலையும் பாருங்கள், பட்டையையும் பாருங்கள்

பேராக் ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளுக்கு விடியுமுன்னே பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்குப் போய்விடுவார்கள். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடுவே தனியாகத்தான் பால் வெட்டணும். பக்கத்திலேயே நின்று யாரும் காவல் காக்க முடியாது. மண்டோர் இரண்டைப் பார்ப்பார்: நிறுத்த பால், மரத்தின் பட்டை. கத்தி ஆழமாக இறங்கினால் இன்றைக்குப் பால் கூடலாம். ஆனால் மரம் காயப்பட்டுப் பின்னால் கெட்டுப்போகும்.

இப்போ ஈப்போவில் வீட்டில் இருந்தபடியே கோலாலம்பூர் கம்பெனிக்கு வேலை பார்க்க முடிகிறது. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இதைப் பரவலாக்கியது. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டப்படி, 2023 ஜனவரி 1 முதல் வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றக் கேட்டு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரணும். மறுத்தால் காரணமும் சொல்லணும்.

சரி, அனுமதி கொடுத்தாச்சு. அதற்குப் பிறகு தலைவர் எப்படி நடந்துகொள்ளணும்? அதைச் சட்டம் சொல்லாது, தர்மம்தான் சொல்லணும்.

"கண்ணுல படாதவன் தூங்கிட்டா என்ன பண்றது?" என்ற பயம் நியாயமானதுதான். அதுக்காக நாள் முழுக்கக் கேமராவைத் திறந்து வைக்கச் சொல்வது, ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்புவது எல்லாம் மேற்பார்வை ஆகாது. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம், ஆராயாமல் நம்புவதையும் நம்பிய பிறகு சந்தேகப்படுவதையும் சேர்த்தே கண்டிக்கிறது. எந்த வேலை, எப்போ முடியணும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்ததை அளந்து பாருங்கள். அது பால்.

பட்டை என்பது மனுஷன். வேலை சரியாக வந்துகொண்டே இருக்கும். ஆள் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருப்பார். வாரம் ஒருமுறை வேலைக் கணக்கு கேட்காமல் "எப்படி இருக்கீங்க, ஏதாச்சும் உதவி வேணுமா?" என்று பேசுங்கள். நல்ல நாற்காலிக்கும் இணையச் செலவுக்கும் வழி செய்யுங்கள். வேலை நேரம் முடிந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போச்சு. அதனால்தான் சொந்த வீடு என்பது நம் குடும்பங்களுக்கு அவ்வளவு பெரிய கனவு. அந்த வீட்டுக்குள் இன்றைக்கு ஆபீஸ் நுழைகிறது. அது விருந்தாளி மாதிரி வரணும். துரை மாதிரி வரக்கூடாது.

நண்பர்களே, சில வருஷங்களில் நம்மில் பலருக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். பால் குறைந்தால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பட்டையில் பட்ட காயம் கிட்டப் போய்ப் பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.