தொட்டுப் பார்க்க விடும் ஊர்கள்

மூன்று வயதுக் குழந்தையை இத்தாலிக்கு அழைத்துக்கொண்டு போகிறோம் என்று யாராவது சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது ‘அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?’ என்ற கேள்விதான். நியாயமான கேள்வி. விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் செலவையும், வழியெல்லாம் தூக்கிச் சுமக்கும் பாட்டையும் நினைத்தால், பிள்ளைக்குப் பத்து வயதாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி ஒன்றை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. பயணம் என்றால் பெயர்பெற்றவற்றைப் பார்ப்பது, பார்த்ததை நினைவில் சேர்த்துக்கொண்டு வீடு திரும்புவது என்று எடுத்துக்கொள்கிறது. சிறு குழந்தை உலகத்தை அப்படி அறிவதில்லை. தொட்டு, பிசைந்து, கொட்டி, மறுபடி அள்ளித்தான் அது எதையும் தெரிந்துகொள்கிறது. ஆகவே போகலாமா என்று கேட்பதற்கு முன்னால், எந்த மாதிரி ஊருக்குப் போவது என்று கேட்க வேண்டும். செய்து முடித்த பொருள்களை அடுக்கிவைத்திருக்கும் ஊரைவிட, பொருள்கள் கண்முன்னே செய்யப்படும் ஊரே சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது என்பது என் முடிவு. இத்தாலியில் கடலும் களிமண்ணும் சேர்ந்திருக்கும் சில ஊர்கள் அதற்கு நல்ல சாட்சி.

ஃபுளோரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கிறது. உயரம் ஐந்து மீட்டருக்கு மேல், பீடம் வேறு. நான்கு வயதுக் குழந்தையின் கண்மட்டத்துக்கு எட்டுவது அந்தப் பீடமும், முன்னால் நிற்பவர்களின் முழங்கால்களும்தான். மனிதக் கை செய்தவற்றுள் அந்தச் சிலை உன்னதமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதன் பெருமை முழுதாகப் புரிய, முந்தைய சிற்பிகள் தொட்டுக் கைவிட்ட ஒரு பளிங்குப் பாளத்திலிருந்து 1501 முதல் 1504 வரை உழைத்து அவர் அதை வெளிக்கொண்டுவந்தார் என்ற கதை தெரிந்திருக்க வேண்டும். உளிச் சத்தமும் பளிங்குத் தூசியும் போய் ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. எப்படி வந்தது என்று காட்டாமல், வந்து நிற்கும் உருவத்தை மட்டும் காட்டினால் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அங்கே அதன் காதில் விழுவதெல்லாம் ‘தொடாதே’, ‘ஓடாதே’, ‘கொஞ்சம் பொறு’ என்பவைதான்.

சலேர்னோவை ஒட்டி, அமால்ஃபிக் கடற்கரையின் கிழக்கு முனையில் இருக்கும் வியேத்ரி சுல் மாரே வேறு மாதிரியான ஊர். கடைப் பலகை, வீட்டு எண், தெருவோர இருக்கை, தேவாலயக் குவிமாடம் என்று எங்கே திரும்பினாலும் வண்ண ஓடுகள். பவோலோ சொலேரி 1950களில் வடிவமைத்த சொலிமேனே மட்பாண்டத் தொழிற்சாலையின் முகப்பில், பாண்டங்களின் வட்ட அடிப்பகுதிகள் ஆயிரக்கணக்கில் பதிந்து நிற்கின்றன. அது பானை செய்கிற இடம் என்று எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் விளங்கிவிடும். 1920களில் இங்கே வந்து தங்கி வேலைசெய்த ஜெர்மன் கலைஞர்கள் விட்டுப்போன சின்னக் கழுதை ஒன்று ஊர் முழுக்க ஓடுகளிலும் பொம்மைகளிலும் திரிகிறது. அந்தக் கழுதையைத் தேடிக்கொண்டே ஒரு குழந்தை அரை மைல் நடந்துவிடும். அருங்காட்சியகத்தில் அரை அறை தாண்டாது.

பட்டறைக்குள் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் நின்றுவிடும். அதைவிடவும் கவனிக்க வேண்டியது வண்ணம் தீட்டும் மேசை. ஒருமுறை சுட்டெடுத்த செம்மண் நிறத் தட்டை, வெள்ளீய ஆக்சைடு கலந்த வெண்குழம்பில் முக்கி எடுக்கிறார்கள். சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, சில நொடிகளில் தட்டின்மேல் மாவுப் படலம் ஒன்று நின்றுவிடுகிறது. விரல் பட்டால் உதிரும். அதன்மேல்தான் தூரிகை ஓட வேண்டும். வைத்த வண்ணத்தைப் படலம் அந்தக் கணமே குடித்துவிடும். அழித்து எழுத வழியில்லை. இதில் இன்னொரு விந்தை, அப்போது எந்த வண்ணமும் அதன் வண்ணத்தில் இருப்பதில்லை. கோபால்ட் மங்கிக் கிடக்கும், செம்புப் பச்சை அழுக்காகத் தெரியும். 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இரண்டாம் சூட்டில் படலம் உருகிக் கண்ணாடியாகும்போதுதான் நீலம் நீலமாகிறது. குழந்தை பிசைந்த கிண்ணத்தையோ அன்று மாலையே கையில் வாங்க முடியாது. முழுக்க உலராமல் சூளைக்குள் போனால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பாண்டத்தை வெடிக்கச் செய்துவிடும். உலர நாள்கணக்காகும், சூளை சூடேறி ஆற அதற்கான நேரம் வேண்டும். கவனமாக இரு, காத்திரு என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகும் இரண்டையும் இங்கே மண்ணே சொல்லிவிடுகிறது. பெரியவர் சொன்னால் அடம்பிடிக்கும் பிள்ளை, மண் சொன்னால் கேட்கிறது.

இது என் ஆசைக்குச் சொல்வதல்ல. குழந்தையின் கைக்கும் அறிவுக்கும் உள்ள உறவைப் பற்றி இத்தாலியில் நிறையவே யோசித்திருக்கிறார்கள். 1907 ஜனவரியில் ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து வெளியிட்ட நூலில் மண் வனைவதையும் சுவர் கட்டுவதையும் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினார். ரோமில் பிரான்செஸ்கோ ரந்தோனே நடத்திவந்த கலைப்பள்ளியைப் பார்த்து அதைத் தம் முறைக்குள் கொண்டுவந்தவர் அவர். பிள்ளைகள் சின்னக் குடுவைகள் செய்தார்கள். சிறு செங்கல்லால் சுவர் எழுப்பினார்கள். அதே மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். லிகூரியக் கடற்கரையிலுள்ள அல்பிசோலாவில், டென்மார்க் ஓவியர் ஆஸ்கர் ஜோர்ன் 1955-இல் குழந்தைகளின் கையில் தட்டுகளையும் வண்ணங்களையும் கொடுத்துத் தீட்டச் சொன்னார். பெரிய கலைஞர்கள் வேலைசெய்த ஊரில் பிள்ளைகளும் வேலைசெய்தார்கள். பாயென்சா நகரின் பீங்கான் அருங்காட்சியகத்தில் இத்தாலிய வடிவமைப்பாளர் புருனோ முனாரியின் முறைப்படி குழந்தைகளுக்கான களிமண் பட்டறை 1979-இல் தொடங்கியது. முடிந்த பொருளைக் காட்டுவதற்கென்றே இருக்கும் ஓர் அருங்காட்சியகம், பிள்ளைகளுக்கு அது போதாது என்று கண்டு மண்ணையும் தண்ணீரையும் உள்ளே கொண்டுவந்தது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் தேட வேண்டியதில்லை.

கடல் எதற்கு என்று கேட்கலாம். பாண்டமும் கடலும் பழைய கூட்டாளிகள். பாண்டம் கனமானது, உடையக்கூடியது. வண்டியில் ஏற்றுவதைவிடக் கப்பலில் அனுப்புவது மலிவு, பத்திரமும்கூட. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலியச் செம்பாண்டத் துண்டுகள் அப்படி வந்து சேர்ந்தவைதான். குழந்தைக்கு இந்த வரலாறு வேண்டாம். அதற்கு வேண்டியது, ஒரு மணி நேரம் பட்டறையில் அடங்கியிருந்த உடம்பை அவிழ்த்துவிட ஓர் இடம். மேலும், கரையில் அது செய்வதும் பட்டறையில் பார்த்த அதே வேலைதான். தண்ணீர் குறைந்தால் மணல் உதிர்கிறது, கூடினால் வழிந்தோடுகிறது, அளவாக இருந்தால் நிற்கிறது. இதைக் கரையில் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் கரையும் ஒன்றல்ல. அமால்ஃபிப் பக்கம் பல இடங்களில் கூழாங்கல், சட்டென்று ஆழம், ஊரிலிருந்து இறங்கிவர நூற்றுக்கணக்கில் படிகள். அங்குள்ள பொசித்தானோவைப் படத்தில் பார்த்து மயங்கித் தள்ளுவண்டியோடு போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இத்தாலியக் குழந்தை மருத்துவர்கள் 2008 முதல் பச்சைக் கொடி என்று, பிள்ளைகளுக்கு ஏற்ற கடற்கரைகளின் பட்டியல் ஒன்று தருகிறார்கள்: மணல் கரை, கரையோரம் ஆழமற்ற தெளிந்த நீர், உயிர்காப்பாளர், குடைகளுக்கு நடுவே விளையாட இடம். அது இடம் தேர்ந்தெடுக்கத் தகுந்த அளவுகோல். ஆட்ரியாட்டிக் கரை இதற்குப் பெயர்போனது. பாயென்சாவிலிருந்து ரிமினிக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இனி அந்த ஞாபகக் கேள்வி. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா பாவரும் மரினா லார்கினாவும் மூன்று வயதுப் பிள்ளைகள் பெற்றோரோடு தங்கள் அனுபவங்களைப் பேசுவதைப் பதிவுசெய்து, பிறகு ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் அவர்களிடம் அதே சம்பவங்களைக் கேட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுவரை 60 விழுக்காட்டுக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் அது 35 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆகவே கேட்பவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்: மறந்துபோகும். ஆனால் மறந்துபோகும் என்பதால் வீண் என்று ஆகாது. தாய்மொழியின் முதல் சொல்லை எப்போது கற்றோம் என்று நம்மில் ஒருவருக்கும் நினைவில்லை. மொழி நம்மோடு இருக்கிறது. ஈர மண்ணின் வழுக்கல், அழுத்தினால் நெளியும் விதம், அலை காலடி மணலைப் பறிக்கும் உணர்வு ஆகியவை நிகழ்ச்சியாக நினைவில் நிற்காமல் கைகால்களின் பழக்கமாகத் தங்குகின்றன. இன்னொன்றும் உண்டு. இரண்டரை வயதில் மகிழ்ச்சியாக இருந்த ஒரு மதியம், பிற்பாடு நினைவில் இருந்தால்தான் மதிப்புள்ளது என்பது மனிதத்தன்மை இல்லாத கணக்கு. அப்படிப் பார்த்தால் நோயில் நினைவு தப்பிய முதியவருக்கு நல்ல சாப்பாடு எதற்கு என்றுகூடக் கேட்கலாம். யாரும் கேட்க மாட்டோம்.

உயர்ந்த கலையைக் குழந்தைக்கு மறைத்துவைப்பதா என்பது அடுத்த ஆட்சேபம். கலையை ரசிக்க வயதில்லை என்று நான் சொல்லவில்லை. அதை எட்டும்படி வைத்த இடங்களைத் தேடலாம் என்கிறேன். அல்பிசோலா மரீனாவில் 1963-இல் திறந்த கடலோர நடைபாதை, லூசியோ ஃபோன்டானா, விஃப்ரெடோ லாம் உள்ளிட்ட கலைஞர்கள் வரைந்த மொசைக் ஓவியங்களால் ஆனது. அவற்றை மிதித்துத்தான் நடக்க வேண்டும். மற்ற நகரங்களில் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தும் அதே ஃபோன்டானாவின் வேலைமேல் இங்கே ஒரு குழந்தை மூன்று சக்கர வண்டி ஓட்டலாம், உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்னலாம், சிந்தலாம். சிசிலியின் கால்தஜிரோனேயில் 142 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டில் படிக்குப் படி வேறு வேறு ஓட்டு வேலைப்பாடு. கடலிலிருந்து தள்ளி, வெயில் கடுமையான ஊர் என்பதால் கோடையில் சின்னப் பிள்ளைகளோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வசந்தத்தில் போகலாம்.

இந்த ஊர்களே இப்போது சுற்றுலாக் கடைகளாகிவிட்டன, பாதிச் சரக்கு எங்கோ அச்சடித்து வந்தது என்பார்கள். ஓரளவு உண்மை. அதனால்தான் 1990-இல் மரபு மட்பாண்டங்களின் பெயரையும் ஊரையும் காக்க இத்தாலி தனிச் சட்டமே கொண்டுவந்தது. சட்டத்தைவிட எளிய சோதனை, கடையின் பின்பக்கம் ஈரமண் வாசனை வருகிறதா, பலகையில் உலரும் பாண்டங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. உடைத்துவிடுமே என்ற பயமும் நியாயமானது. விற்பனை அலமாரிக்கு நடுவே குழந்தையை விடவே கூடாது. உலர்ந்த மண்தூசியும் பூச்சுப் பொடியும் மூச்சுக்குக் கெடுதல் என்பதால், பட்டறையிலும் ஈரமண் மேசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் உடைந்தது எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை என்பதையும் அதே அல்பிசோலாவில் காட்டலாம். ஜோர்ன் தம் குன்றுவீட்டையும் தோட்டத்தையும், உம்பெர்த்தோ கம்பெத்தா என்ற நண்பரோடு சேர்ந்து, சூளைக் கழிவுத் துண்டுகளையும் சிப்பிகளையும் சுவரில் பதித்தே கட்டியெழுப்பினார். ஊருக்கு விட்டுச்சென்ற அந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. மண்ணும் கடலும் போதுமென்றால் இத்தாலி எதற்கு? எதற்கும் அவசியமில்லை. இத்தாலிக்குப் போகாத குழந்தைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. கடன்வாங்கிப் போவது தவறு என்றே சொல்வேன். நான் பேசுவது, எப்படியும் போகப்போகிற குடும்பத்திடம். அவர்களுக்கு இந்த ஊர்கள் தரும் பெரிய வசதி, ஊரின் நேரமும் குழந்தையின் நேரமும் ஒத்துப்போவது. மதியம் ஒரு மணிக்குப் பல பட்டறைகளும் கடைகளும் கதவடைத்து நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். பார்க்க எதுவும் இல்லாததால் குழந்தை தூங்கும், பெரியவர்களும் படுப்பார்கள். வெயில் தணிந்தபின் கடல், இருட்டியதும் சதுக்கத்தில் ஊர்ப்பிள்ளைகளோடு ஓட்டம். எட்டு மணிக்குமேல் குழந்தைகள் வெளியே இருப்பதை அங்கே யாரும் முகஞ்சுளித்துப் பார்ப்பதில்லை. இது கிடைக்க வேண்டுமானால் நான்கு ஊர்ப் பட்டியலைக் கிழித்துப்போட்டு ஒரே ஊரில் தங்க வேண்டும். முதல் நாள் போன பட்டறைக்கே மூன்றாம் நாளும் போக வேண்டும், கிண்ணம் உலர்ந்ததா என்று பார்க்கவாவது. பெரியவர்களுக்குப் பார்க்கும் ஆசை அடங்காதென்றால், ஒருவர் பிள்ளையோடு வியேத்ரிக் கரையில் இருக்க, மற்றவர் சலேர்னோவிலிருந்து ரயிலேறி பெஸ்தும் ஊரின் பழைய கிரேக்கக் கோயில்களைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். மறுநாள் முறை மாற்றிக்கொள்ளலாம்.