காலி விடைக்கும் பொருள் எழுதுங்கள்

மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடித் தரும் கருவிகள் இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளின் கைக்கு வந்துவிட்டன. பேக்கேஜின் பெயரையும் வெர்ஷனையும் கொடுத்தால், அதில் பதிவாகியுள்ள ஓட்டைகளின் அடையாள எண்களான சிவிஇ எண்களைக் கருவி எடுத்துத் தருகிறது. அதை நம்பி ஏஜென்ட் அடுத்த வேலைக்குப் போகிறது. இந்தக் கருவிகளுக்கு விளக்கம் எழுதும் பொறியாளர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். மனிதர் என்றால் சந்தேகம் வந்ததும் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார். ஏஜென்ட் கேட்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தை அது தன் ஊகத்தால் நிரப்பிவிடும்.

விடை காலியாக வந்தால் அதற்கு என்ன பொருள்? முதலில் இதை எழுதுங்கள். அந்த வெர்ஷனில் அறியப்பட்ட ஓட்டை எதுவும் இல்லாமல் இருக்கலாம். பேக்கேஜின் பெயர் தரவுத்தளத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். சர்வர் பதில் சொல்லாமலே போயிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே காலிப் பட்டியலைத் திருப்பித் தருவது, ரத்தமே எடுக்காமல் ‘நோய் இல்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுப்பதற்குச் சமம். லாக்4ஜே-யையே பாருங்கள். ஜாவா பேக்கேஜ்களின் களஞ்சியமான மேவனில் அந்த லைப்ரரியின் முழுப் பெயர் ‘ஓஆர்ஜி.அப்பாச்சி.லாகிங்.லாக்4ஜே:லாக்4ஜே-கோர்’. முழுப் பெயரைக் கேட்கும் தரவுத்தளத்தில் வெறும் ‘லாக்4ஜே-கோர்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. உலகையே உலுக்கிய ஓட்டை உள்ள லைப்ரரிக்கு, ஏஜென்ட் ‘சுத்தம்’ என்று சான்று கொடுத்துவிடும்.

அந்த ஓட்டை 2021 டிசம்பரில் வெளியே தெரிந்தது. சிவிஇ-2021-44228, தீவிரத்தன்மை மதிப்பெண் பத்துக்குப் பத்து. திருத்தமாக வந்த 2.15.0 வெர்ஷன் முழுமையானதல்ல என்று சில நாட்களிலேயே தெரிந்தது, 2.16.0 வந்தது, அதன் பின்னாலேயே 2.17.0. இடையில் ஒரு நாள் தரவு பழையதாக இருந்திருந்தாலும் ‘2.15.0-க்கு மாறிவிட்டோம், வேலை முடிந்தது’ என்றே அறிக்கை போயிருக்கும். ஆகவே தரவு எந்த நேரத்தில் புதுப்பிக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு விடையோடும் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத பதிவைச் சிறிய ஓட்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதுங்கள். அமெரிக்காவின் என்விடி தரவுத்தளத்தில் 2024 பிப்ரவரியில் ஆய்வுப் பணி தேங்கியபோது, ஆயிரக்கணக்கான பதிவுகள் மதிப்பெண் இல்லாமலே கிடந்தன.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2014-ன் ஹார்ட்பிளீட் ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்தது, 1.0.1ஜி-யில் சரிசெய்தார்கள். ஆனால் டெபியன் 7 என்ற லினக்ஸ் வெளியீடு ஓபன்எஸ்எஸ்எல்லின் வெர்ஷன் எண்ணை மாற்றவில்லை, 1.0.1இ-யிலேயே பேட்ச்சைச் சேர்த்து, அதன் வாலில் உள்ள தன் திருத்த எண்ணை மட்டும் கூட்டியது. எண்ணை மட்டும் ஒப்பிடும் ஏஜென்ட் அங்கே இல்லாத ஆபத்தைக் கண்டுபிடிக்கும். இப்படிப்பட்ட பொய்க் கண்டுபிடிப்புகள் கடைசியில் யார் தலையில் விழுகின்றன? லைப்ரரியைப் பராமரிக்கும் ஒரு சிலரின் தலையில்தான். ஏஐ எழுதிய போலிப் புகார்கள் தங்கள் நேரத்தைத் தின்கின்றன என்று கர்ல் திட்டத்தைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார். சம்பளமின்றி உழைப்பவர்களின் மாலை நேரத்தை நம் அலட்சியம் பறிக்கக் கூடாது. மனிதர் ஒருவர் சரிபார்க்காத புகாரை ஏஜென்ட் அனுப்பக் கூடாது என்று விளக்கத்திலேயே விதி வையுங்கள்.

இன்னும் இரண்டு. ஓட்டை அறிவிப்பின் உரையில் ‘இந்தக் கட்டளையை இயக்கு’ என்று இருந்தாலும் அது வெறும் தரவே, ஏஜென்ட்டுக்கான உத்தரவு அல்ல என்று தெளிவாக எழுதுங்கள். புதிய ஓட்டை கண்ணில் பட்டால் முதலில் பராமரிப்பாளருக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும், அடுத்தவரின் சர்வரில் அதைச் சோதித்துப் பார்க்கவே கூடாது என்பதையும் சேருங்கள்.

எங்கள் கருவிக்கு இவ்வளவுதான் தெரியும் என்று எழுதினால் விற்பனை குறையும் என்று மேலாளர் தயங்கலாம். அவரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் கருவியின் விளக்கத்தை இன்றே திறந்து, காலி விடைக்கு என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால், அதை எழுதி முடிக்கும்வரை அந்தக் கருவியை எந்த ஏஜென்ட்டின் கையிலும் கொடுக்காதீர்கள்.