படித்ததில் பிடிக்காதது

பேர் பெற்ற புத்தகத்தைப் படித்துவிட்டு "எனக்குப் பிடிக்கலை" என்று சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்? சினிமாவை இடைவேளையிலேயே திட்டிவிட்டு வெளியே வருகிறோம். சாம்பாரில் உப்பு கூடினால் வாய்விட்டுச் சொல்கிறோம். புத்தகம் என்றால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. நமக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

நான் விமர்சகன் இல்லை. தொப்பூரிலிருந்து சேலத்துக்கோ தருமபுரிக்கோ போகும் பஸ்ஸில் கையில் கிடைத்ததைப் படிக்கிறவன். யாருக்கும் முன்னுரை எழுதித் தர வேண்டியதில்லை என்பதால் பொய் சொல்லும் அவசியமும் எனக்கில்லை.

'பொன்னியின் செல்வ'னிலிருந்தே தொடங்குகிறேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கத்துக்கு ஈடில்லை. ஆனால் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. அடுத்த இதழுக்காகப் போட்ட முடிச்சுகள், ஐந்து பாகங்களையும் சேர்த்துப் படிக்கும்போது அலுப்புத் தட்டுகின்றன. ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் யாரோ ஒருவர் திடுக்கிட வேண்டுமா என்ன?

ராஜேஷ்குமாரின் கிரைம் நாவல்களில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் தொப்பூர்க் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் இறக்குவார்கள். இரட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் நடக்கும் விபத்துகளுக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். இந்த நாவல்களும் அப்படித்தான், சரிவே இழுத்துக்கொண்டு போகும். கடைசிச் சில பக்கங்களில் துப்பறியும் விவேக் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் விளக்கும்போதுதான் பிரேக் இல்லை என்று தெரியும். ஆனாலும் டீக்கடை பெஞ்சில், இஞ்சின் ஆறும்வரை உட்கார்ந்திருக்கும் கிளீனர் பையன் கையில் அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். படிக்கிற பழக்கம் எனக்கும் அந்த வழியாகத்தான் வந்தது.

'விஷ்ணுபுர'த்தைப் பாதியில் மூடி வைத்திருக்கிறேன். திரும்ப எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். 'ஜே.ஜே: சில குறிப்புக'ளை ரசித்தேன்; ஆனால் அது எழுத்தாளர்களுக்காக எழுதிய புத்தகம் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' வேறு. சின்னப் புத்தகம், சத்தமே இல்லை. சென்னைத் தெருவொன்றில் ஜமுனாவும் சாயாவும் குடத்தோடு அலைகிறார்கள், அவ்வளவுதான் கதை என்று சொல்லிவிடலாம். ஆனால் தருமபுரி மாவட்டத்துக்காரன் அதை வேறு மாதிரிப் படிப்பான். எங்களுக்குத் தண்ணீர் இல்லாதது ஒரு கஷ்டம் என்றால், இருக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு என்பது இன்னொன்று. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலரும் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். போட்டோ என்றால் வாயை மூடிக்கொள்கிற பெண்களை எனக்குத் தெரியும். அசோகமித்திரன் இதை எழுதவில்லை. ஆனால் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்குள் என்ன ஓடும் என்பதை எழுதியிருக்கிறார். டீச்சரம்மா ஜமுனாவிடம் பேசும் இடத்தை பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டேன்.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்தது. வீரப்பன் எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி பக்கத்தில் சுடப்பட்டதும் அதே வருஷம். அவரைத் தேடுகிறோம் என்று மலை மக்களை வதைத்த கதை அது. நடை அங்கங்கே தட்டுகிறது என்று சொன்னவர்கள் உண்டு. வாச்சாத்தி கிராமத்தில் 1992இல் பழங்குடி மக்களுக்கு நடந்த கொடுமையையும், 2011இல் தருமபுரி நீதிமன்றம் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்ததையும் கேட்டு வளர்ந்த ஊரில் நடையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. நல்ல புத்தகம். இன்னொரு தடவை படிக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்து மேடைகளில் அதிகம் புகழப்படும் புத்தகம் 'தகடூர் யாத்திரை'. அதியமானின் போரைப் பாடியது. அது முழுசாகக் கிடைக்கவே இல்லை, சில பாட்டுகள்தான் புறத்திரட்டு என்ற தொகுப்பு வழியாகத் தப்பின. குறை சொல்ல ஆளே இல்லாத ஒரே புத்தகம் அதுதான் போலிருக்கிறது.

பொன்னியின் செல்வனை வருஷத்துக்கு ஒரு முறை படிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு, "உனக்குப் பொறுமை இல்லப்பா" என்றார். இருக்கலாம். ஆனால் 'தண்ணீர்' அவருக்குச் சப்பென்று இருந்ததாம்.