விரிசலின்மேல் ஓர் இலை

நகைக்கடையில் வேலைப்பாடு மிகுந்த நகைக்கு விலையும் மிகுதி. செய்கூலி என்றும் சேதாரம் என்றும் தனித்தனியே கணக்குப் போடுகிறார்கள். நாமும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு வருகிறோம். கைவேலைக்குக் கூலி உண்டு என்பது நமக்குப் பழகிப்போன நியாயம்.

சீனர்கள் பொன்னினும் மேலாகப் போற்றும் ஜேடு என்ற கல்லிலே இந்த நியாயம் சற்றுத் தடுமாறிப் போகிறது. ஒரு கோடுகூடச் செதுக்காமல், நீள்சதுரப் பலகையாக அறுத்து மெருகு மட்டும் ஏற்றிய கழுத்துப் பதக்கம் ஒன்று அவர்களிடம் உண்டு. ‘அலங்காரம் இல்லாதது’ என்பதும் ‘வம்பு இல்லாதது’ என்பதும் அவர்கள் மொழியில் ஒரே ஓசையில் ஒலிக்கும். ஆகவே அதை அணிந்தவருக்கு வம்பு தும்பு வராது என்று நம்பிக்கை. இந்த வெறும் பலகை, டிராகனும் மேகமும் நெருங்கச் செதுக்கிய பதக்கத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போவது உண்டு.

காரணம் எளியது. அந்தப் பலகையில் எதையும் ஒளித்துவைக்க இடமில்லை. நூலிழை விரிசலோ, கரும்புள்ளியோ, புகை படிந்தாற் போன்ற மங்கலோ இருந்தால் முதற் பார்வையிலேயே தெரிந்துவிடும். மாசற்ற கல் கிடைத்தால் தொழிலாளி அதில் கைவைக்கவே தயங்குகிறான். மாசுள்ள கல்லில்தான் அவன் வேலை பெருகுகிறது. விரிசல் ஓடுகிற வழியில் ஓர் இலை முளைக்கும். புள்ளி இருந்த இடம் குடையப்பட்டு மேகத்தின் சுழியாக மாறும். ஆகையால் அனுபவமுள்ள வியாபாரி, செதுக்கல் நிறைந்த பதக்கத்தைக் கையில் வாங்கியதும், ‘இங்கே இத்தனை வேலைக்கு என்ன அவசியம் நேர்ந்தது?’ என்றுதான் முதலில் யோசிக்கிறார்.

இந்தச் சந்தேகம் நியாயமானதுதானா? அழகு செய்கிற கைகளெல்லாம் எதையோ மூடுகிற கைகள்தாமா? பதக்கத்தோடு முடிந்துவிடுகிற கேள்வியாக எனக்கு இது தோன்றவில்லை. தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். கதை எங்கே விரிசல் விடுகிறதோ, அங்கே சரியாக ஒரு நிலா உதிக்கும்.

முதலில் அந்தக் கைவேலையைக் கொஞ்சம் பார்ப்போம். ஜேடு என்ற ஒரே பெயரில் இரண்டு கற்கள் வழங்குகின்றன. ஒன்று நெஃப்ரைட், சீனத்தின் மேற்கு மூலையில் கோட்டான் நகரை ஒட்டி ஓடும் ஆறுகளில் உருண்டு வருவது. மற்றது ஜேடைட், வடபர்மாவில் வெட்டி எடுப்பது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீனப் பாட்டிமார் கையில் பச்சைப்பசேலென்று ஒரு வளையலைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது கல் பழக்கமானதே. இரண்டிலும் பேனாக்கத்தியால் கீறல் விழாது. செதுக்குவது என்று நாம் சொல்வது பேச்சுக்குத்தான், உண்மையில் தேய்க்கிறார்கள். அக்காலத்தில் மணலையும் குருந்தக்கல் தூளையும் தண்ணீரில் குழைத்து, சுழலும் வட்டுகளால் நாள்கணக்காக, மாதக்கணக்காகத் தேய்த்தார்கள். (கொரண்டம் என்று ஆங்கிலத்தில் வழங்குவது நம் குருந்தம் என்ற சொல்தான்.) இப்போது வைரத்தூள் பதித்த முனைகள் மின்சாரத்தில் சுழல்கின்றன. தேய்த்தது போனது போனதுதான். திரும்ப ஒட்டவைக்க முடியாது.

வேலையின் தரத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் அதன்மேல் வழுக்கி ஓடும்படி செய்கிறார்கள். உருவத்தைவிட, உருவத்தைச் சுற்றியுள்ள வெறுந்தளத்தின்மீதுதான் அவர்கள் கண் முதலில் போகும். தளம் மேடும் பள்ளமுமாக அலைந்தால் கை தேறவில்லை என்று பொருள். கோடு, தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம்வரை மூச்சு விடாமல் ஓட வேண்டும். இரண்டு கோடுகள் கூடும் மூலையில் ஒன்று மற்றதைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. மெருகு பள்ளத்தின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். மெருகிடுகிறவன் அவசரக்காரனாக இருந்தால், எவ்வளவு நுட்பமாக இழைத்த இமையும் பாதி கரைந்த சோப்புக்கட்டிபோல் மழுங்கிவிடும். குவான்யின் என்ற கருணைத் தெய்வத்தின் உருவமானால் முகத்தையும் விரல்களையும் பார்த்தாலே போதும். மற்றதெல்லாம் அவற்றைப் பின்பற்றியே இருக்கும்.

இன்று கணினி ஓட்டும் இயந்திரங்கள் ஒரே மாதிரியான குவான்யின்களை வரிசையாகக் குடைந்து தள்ளுகின்றன. அவற்றில் கோணல் இல்லை, தள்ளாட்டம் இல்லை. ஆனால் எதிரே இருப்பது எந்தக் கல் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. கன்னத்தின் குறுக்கே விரிசல் ஓடினாலும் அது தன் பாட்டுக்கு மூக்கைச் செய்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடும். மனிதனோ ஒவ்வொரு கல்லின் குறையையும் பார்த்து, அதற்கு ஏதாவது செய்தாக வேண்டியவன். மூடிமறைக்கிற புத்தியும் அவனுக்குத்தான் வருகிறது. அக்கறையும் அவனுக்குத்தான் வருகிறது.

பார்க்கத் தெரியாதவர்கள் பெயரைத் தேடுவார்கள். 16ஆம் நூற்றாண்டில் சூஜோ நகரில் லூ ஸிகாங் என்ற புகழ்பெற்ற ஜேடு கலைஞர் இருந்தார். தம் வேலையில் தம் பெயரைப் பொறித்தவர். அதற்குப் பின் நூற்றாண்டுக் கணக்காக யார் யாரோ செய்த பதக்கங்களிலெல்லாம் அந்தப் பெயர் ஏறிவிட்டது. பெயரும் மூடுவதற்கு உதவுகிற ஓர் இலைதான்!

இன்னொரு வகை மூடலும் இருக்கிறது. 1980களிலிருந்து பெருகிய வழக்கம் அது. மட்டமான ஜேடைட் கல்லை அமிலத்தில் ஊறவைத்துக் கறையைப் போக்கி, அரிபட்ட துவாரங்களில் பிசினை ஏற்றிவிடுகிறார்கள். கல் கண்ணாடிபோல் பளபளக்கும். இதைச் சொல்லாமல், இயற்கைக் கல் என்று விற்பது பொய் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

சிக்கல் இலையில்தான். விரிசலை மூடுவதற்காக மட்டும் வந்த இலை அநேகமாகத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கொம்பிலும் அது ஒட்டாது. காரணமில்லாமல் தலைகீழாகத் தொங்கும். இப்படிப் பார்த்தால் கெட்ட எண்ணமே கெட்ட வேலையாக வெளிப்பட்டுவிடுகிறது என்று திருப்தியடையலாம். ஆனால் கை தேர்ந்தவன் அந்த இலையை அழகான கொம்பில், அதற்கென்றே பிறந்ததுபோல் முளைக்க வைத்துவிடுவானே! அப்போது திறமை வளர வளரப் பொய்யும் அல்லவா வளர்கிறது? நன்றாகச் செய்தது என்பதால் ஒன்று நேர்மையானது ஆகிவிடாது. இதை மறுத்துச் சொல்ல எனக்கு வாதம் கிடைக்கவில்லை.

வாதம் கிடைக்கவில்லையே தவிர, ஓர் உதாரணம் கிடைக்கிறது. தைப்பே நகரத்து அரண்மனைப் பொருட்காட்சிசாலையில் ஜேடைட் கல்லில் செய்த ஒரு முட்டைக்கோசு இருக்கிறது. நம் ஊர் உருண்டைக் கோசு அன்று. நீளமான சீனக் கோசு. பத்தொன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. குவாங்ஷு சக்கரவர்த்தியின் துணைவியரில் ஒருவர் வாழ்ந்த மாளிகையில் இருந்தது. பாதி வெள்ளையும் பாதிப் பச்சையுமாக, விரிசலும் திட்டுமாக இருந்த கல் அது. வளையல் அறுக்க முயன்றிருந்தால் உதவாத கல் என்று ஒதுக்கியிருப்பார்கள். பெயர் தெரியாத ஒரு தொழிலாளி வெள்ளையைத் தண்டாகவும் பச்சையை இலையாகவும் கண்டான். விரிசல்கள் இலை நரம்புகளுக்குள் அடங்கிப்போயின. பச்சை நுனியில் இரண்டு பூச்சிகளையும் உட்காரவைத்தான். இந்தக் கல்லில் இன்னின்ன குறைகள் இருந்தன என்று அங்கே வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறார்கள். கேட்டவர்கள் முகம் சுளிப்பதில்லை. இன்னும் கிட்டே குனிந்து பார்க்கிறார்கள்.

அந்தக் குனிதலைத்தான் நான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். குறையைச் சொன்ன பிறகு வேலையின்மேல் மதிப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா? இறங்குமானால், அந்த இலை நாம் அறியாமல் இருப்பதை நம்பியே பிழைத்திருந்தது. ஏறுமானால், அதை மூடல் என்று சொல்ல நியாயமில்லை. ஒரே இலை, ஒரே விரிசல். விற்கிறவர் வாய்திறந்தால் ஒன்றாகவும் திறவாவிட்டால் வேறாகவும் ஆகிவிடுகிறது.

வாங்குகிறவர்களையும் இதில் விட்டுவிட முடியாது. 1759க்குப் பிறகு கோட்டான் பிரதேசம் சியன்லுங் சக்கரவர்த்தியின் கைக்கு வந்தது. ஜேடு ஏராளமாகக் கிழக்கே போயிற்று. கல் பெருகியதும் சந்தைக்காகத் துளை துளையாகக் குடைந்து கூடை பின்னியதுபோல் செய்கிற வேலையும் பெருகியது. சக்கரவர்த்தி இதை வெறுத்துக் கவிதைகளிலேயே கண்டித்தார். தொழிலாளிகளைத்தான் கண்டித்தார். கூட்டமாக வந்து அவற்றை வாங்கிக்கொண்டுபோன பணக்காரர்களையும் சேர்த்துக் கண்டித்திருக்கலாம். வேலை அதிகமாகத் தெரிந்தால்தான் கொடுத்த காசுக்குச் சமாதானம் அடைகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

ஜேடு கடைகளில் சிறு கைவிளக்கு ஒன்று வைத்திருப்பார்கள். கல்லின் பின்னால் அதைப் பிடித்தால், உள்ளே ஓடும் விரிசல் மெல்லிய நிழலாகத் தெரியும். அதன்மேல் எந்த இலை படுத்திருக்கிறது என்பதும் தெரியும். பதக்கத்தைக் காட்டும்போதே விளக்கையும் நம் கையில் எடுத்துக் கொடுக்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். கேட்ட பிறகு, மின்கலம் தீர்ந்துவிட்டது என்கிறவர்களும் இருக்கிறார்கள்.