மூன்று நிமிட மறதி

சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலரை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வண்டிகள் கடந்து போகின்றன. எல்லாவற்றையும் பார்க்கிறார், பணி முடிந்து தொப்பியைக் கழற்றும்போது அநேகமாக எல்லாவற்றையும் மறந்திருப்பார். அந்த மறதி நமக்கு ஒரு காவலாக இருந்தது என்று எவருக்கும் தோன்றியதில்லை.

நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவுக்கு மறக்கத் தெரியாது. 1976-இல் பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் பிரிவில் உருவான கருவி இது. ஓடும் வண்டியின் பிளேட்டைப் படமெடுத்து, எழுத்தும் எண்ணுமாகப் பிரித்துப் படித்து, தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறது; கூடவே இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. 1981-லேயே திருட்டுக் கார் ஒன்றைக் காட்டிக்கொடுத்து ஒருவரைக் கைதாக வைத்தது. காரைப் பறிகொடுத்தவரிடம் போய் மறதியின் பெருமையைப் பேசினால் அடிக்க வருவார். அவர் பக்கமும் நியாயம் உண்டு.

கருவி தப்பாகப் படித்துவிடுமே என்பதுதான் பலரின் முதல் கவலை. 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் அது 3-ஐ 7 என்று படித்தது. திருடுபோனது சாம்பல் நிற பிக்கப் டிரக். வந்துகொண்டிருந்ததோ கருஞ்சிவப்பு லெக்சஸ் கார். ஓட்டிவந்த பெண்ணைத் துப்பாக்கி முனையில் இறக்கி, மண்டியிட வைத்து, விலங்கு மாட்டினார்கள். சிவப்பு விளக்கில் அவர் காருக்குப் பின்னால் நின்ற அதிகாரி, எதிரிலிருந்த பிளேட்டைத் தன் கண்ணால் ஒருமுறை படித்திருந்தால் போதும், படிக்கவில்லை. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பெண்ணின் வழக்கை நடுவர் குழு விசாரிக்கலாம் என்றது. ஆனால் இதெல்லாம் திருத்தக்கூடிய பிழை. நாளை வரும் கேமரா 3-ஐயும் 7-ஐயும் குழப்பிக்கொள்ளாது. என்னை உறுத்துவது, எல்லாவற்றையும் சரியாகப் படிக்கும் கேமராதான்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலக் காவல்துறை மாதம் ஏறத்தாழ 80 லட்சம் பிளேட்டுகளைப் படித்துவந்தது. கணினி பல்லாயிரம் முறை கூவியது. மனிதர் சரிபார்த்தபின் தேறியவை சில நூறு. மற்றவர்களுக்கு எதுவும் நேரவில்லை. படித்த எண் பட்டியலில் இல்லை, அதனால் அழிக்கப்பட்டது, அவ்வளவுதான். சுவடின்றி உடனே அழித்துவிட்டால் உரிமையில் தலையிட்டதாகவே ஆகாது என்றுதான் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் 2008-இல் சொன்னது. 2018 டிசம்பரில் அதே நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது: பட்டியலில் இல்லாதவருக்கும் அது தலையீடே. கண்ணி பெரிதாக இருந்ததால் மீன் தப்பியது என்பதற்காக, வலை வீசவே இல்லை என்று ஆகிவிடுமா? கேமராவை நீதிமன்றம் ஒழித்துவிடவில்லை. தக்க காரணம் இருந்தால் வைக்கலாம் என்றது.

தான் சொன்னதைப் பத்தாண்டு கழித்துத் தானே திருத்திய அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். “தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்பார்கள். சோதித்துப் பார்த்து ‘நீ குற்றமற்றவன், போகலாம்’ என்று விடுவதும், யாரும் எதுவும் கேட்காமல் நம் பாட்டுக்குப் போய்வருவதும் ஒன்றா? இரண்டிலும் ஊர் போய்ச் சேருகிறோம். முதலாவதில் ஒவ்வொரு வளைவிலும் யாரோ அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அனுமதி கொடுப்பவருக்கு ஒருநாள் மறுக்கவும் தோன்றலாம். தவிர, ஒருமுறை போய்வந்த பயணம் நம்மைப் பற்றி எதுவும் சொல்லாது. ஓராண்டுப் பயணம் எந்த மருத்துவர், எந்த வழிபாட்டு இடம், எந்தக் கூட்டம், யார் வீடு என்று அத்தனையும் சொல்லிவிடும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சட்டப்படி, பட்டியலோடு பொருந்தாத பிளேட்டின் பதிவை 3 நிமிடத்துக்குள் அழித்துவிட வேண்டும். பிரிட்டனில் அதே பதிவு 12 மாதம் இருக்கலாம். பழைய பதிவு துப்பறியக் கைகொடுக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓடுகிற திருட்டு வண்டியை அடையாளம் காண அந்த 3 நிமிடம் தாராளம். அதற்கு மேலும் சேமித்து வைப்பதில் பெரும்பகுதி, இன்றுவரை எவரும் சந்தேகிக்காத மனிதர்களைப் பற்றியது.