கடதாசி உள்ள வேலை

கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்க வேண்டும் என்ற சொல் இந்தக் கிழக்குக் கரையில் இன்னும் வழக்கொழியவில்லை. அதை எடுத்துக்காட்டி, நம் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை என்று கடிந்துகொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கண்டனத்தில் உடன்பாடு இல்லை. வீரமுனையிலிருந்து காரைதீவுச் சந்திவரை, அங்கிருந்து வடக்கே கல்முனை, மருதமுனைவரை உள்ள ஊர்கள் கடந்த நாற்பது வருடங்களில் கண்டதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் வேர் விளங்கும். 1990இல் வீரமுனை மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறி ஆண்டுக்கணக்கில் அகதி வாழ்க்கை வாழ்ந்தார்கள். போர்க்காலம் முழுவதும் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டிலும் கடைகள் எரிந்தன, வயல் வட்டைகள் விதைப்பில்லாமல் கிடந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து கரையோரக் கடைகளையும் தறிகளையும் வள்ளங்களையும் கொண்டுபோனது. இத்தனைக்கும் நடுவில் மாதக் கடைசியில் தவறாமல் வந்தது அரச சம்பளம் ஒன்றுதான். எல்லாம் போன வீட்டிலும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அடுப்பெரிந்தது. அதைக் கண்ணால் பார்த்த தாய் தன் மகளுக்கு அரச உத்தியோகம் கேட்பது நியாயமான ஆசை. அந்த ஆசையைக் குறைசொல்லாமல், அதற்குள் இருப்பது என்னவென்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் அந்த ஆசைக்கு நாம் கொடுக்கும் விலை. பட்டம் பெற்ற நாளுக்கும் நியமனம் கிடைக்கும் நாளுக்கும் நடுவே சிலருக்கு நான்கு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் போய்விடுகிறது. 2012இல் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக உள்வாங்கப்பட்டார்கள். அடுத்த கதவு திறக்கும் என்று காத்திருந்தவர்கள் 2017இல் மட்டக்களப்பிலும் காரைதீவிலும் வீதியோரத்தில் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல், தேர்தல் முடிந்த கையோடு, சுமார் 50,000 பட்டதாரிகளுக்கு மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர் நியமனம் வந்தது. கதவு திறப்பது நாட்டின் தேவையைப் பார்த்து அல்ல, தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து என்பதை இந்த வருடங்களே சொல்லும். இடைப்பட்ட காலத்தில் பிள்ளை வர்த்தமானி பார்க்கிறது, போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறது, ரியூஷன் கொடுக்கிறது, வேறு வேலையைத் தொட்டால் நியமனம் கைநழுவுமோ என்று அஞ்சுகிறது. 2025 ஏப்ரலில் தனியார் துறைக்குரிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் நான்கு வருடக் காத்திருப்பின் விலை 12,96,000 ரூபா. பணத்தோடு அது முடிவதுமில்லை. இருபத்தைந்து வயதில் தொழில் ஒன்றில் விழவேண்டிய கை, முப்பதில் போய் விழுகிறது.

இவ்வளவு கொடுத்து வாங்கும் பாதுகாப்பு முன்போல இருக்கிறதா என்பதும் கேட்கவேண்டியது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது அரச சம்பளம் மாறாமல் வந்தது, அது வாங்கும் அரிசியும் பருப்பும்தான் சுருங்கின. அந்த வருடமே அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு, வெளிநாடு சென்று உழைக்க 5 வருடம்வரை சம்பளமற்ற விடுமுறை தருவதாகச் சுற்றுநிருபம் விட்டது. வேலை தரும் தரப்பே தன் ஆட்களை வெளியே போய்ச் சம்பாதிக்கச் சொன்ன காலம் அது. சுமார் 13 இலட்சம் பேரைத் தாங்கும் அரச சேவை இனியும் பெருகும் என்று நம்ப இடமில்லை.

அப்படியானால் அந்த ஆசைக்குள் இருப்பது என்ன? தேதி தவறாத சம்பளம். இன்ன நேரத்தில் தொடங்கி இன்ன நேரத்தில் முடியும் நாள். முதுமைக்கு ஒரு பிடிமானம். முதலாளிக்குக் கோபம் வந்தால் நாளையே வெளியே போகச் சொல்ல முடியாத நிலை. ஊரில் ஒரு மதிப்பு. இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கடதாசியில் எழுதக்கூடிய விடயங்கள். இலங்கைச் சட்டம் அவற்றில் பெரும்பகுதியைத் தனியார் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் எழுதியே வைத்திருக்கிறது என்பது நம் வீடுகளில் பேசப்படுவதே இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வகுக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு. முதல் வருடம் கழிந்தபின் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும். வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும்.

ஈபிஎஃப் எனப்படும் இந்தச் சேமலாப நிதியைப் பலர் சம்பளத்தில் பிடிக்கிற காசு என்று மட்டும் நினைக்கிறார்கள். மாதம் 40,000 ரூபா வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 8 வீதம், 3,200 ரூபா. முதலாளியின் பங்கு 12 வீதம், 4,800 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக இன்னும் 3 வீதம், 1,200 ரூபா, செலுத்த வேண்டும். ஆக, முதலாளி மாதம் 6,000 ரூபாவை அவருடைய முதுமைக்காக வைக்கிறார். வட்டி சேர்க்காமலே பத்து வருடத்தில் 7,20,000 ரூபா. ஈபிஎஃப் இல்லாத கடையில் ‘கைக்கு முழுச் சம்பளம்’ என்று பெருமையாகச் சொல்லப்படும்போது பிள்ளை இழப்பது இதைத்தான். சம்பளம் 2,000 ரூபா கூட என்பதற்காகக் கடதாசி இல்லாத கடைக்கு மாறுகிறவர் தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. சிக்கலின் நடு முடிச்சு அதுதான் என்று கருதுகிறேன். நியமனம் வந்தால் போய்விடுவேன் என்ற எண்ணத்தோடு பட்டதாரி கடையில் சேருகிறார். போய்விடுவார் என்பது முதலாளிக்கும் தெரியும். ஆகவே கடிதம் கொடுப்பதில்லை, தொழில் சொல்லிக்கொடுப்பதில்லை, கணக்குப் புத்தகத்தை நம்பி ஒப்படைப்பதில்லை. கடிதமும் வளர்ச்சியும் இல்லாததால் பட்டதாரிக்கு அந்த வேலை வேலையாகவே தோன்றுவதில்லை, யாராவது கேட்டால் ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்கிறார். தற்காலிகம் என்று இரு பக்கமும் நினைப்பதால்தான் அது தற்காலிகமாகவே நிற்கிறது. இந்தச் சுழலை எந்தப் பக்கத்திலிருந்தும் உடைக்கலாம். வேலை தேடுகிறவரின் கையில் இருக்கும் வழி, அடுத்த வருடமே போக நேர்ந்தாலும் இன்றைய வேலையைக் கடதாசியோடு கேட்பது. போட்டிப் பரீட்சைக்குப் படிப்பதை விடச் சொல்லவில்லை. ஐந்து வருடம் ஒரு களஞ்சியத்தின் இருப்புக் கணக்கைப் பார்த்தவர் என்று சுயவிபரக் கோவையில் எழுத ஒரு கடிதம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நேர்முகப் பரீட்சையில் வெற்று வருடங்களுக்கு விளக்கம் சொல்வதைவிட அது எளிது.

கடிதம் கேட்டால் வேலையே கிடைக்காது, ‘அப்ப நீங்க வேற இடம் பாருங்க தம்பி’ என்று சொல்லிவிடுவார்கள் என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. உண்மைதான், சில இடங்களில் அப்படியே நடக்கும். அடுப்பெரிய வேண்டிய வீட்டுப் பிள்ளை அந்த இடத்தில் வீறாப்புப் பேச முடியாது. ஆனால் கேட்பதில் பல விதம் உண்டு. எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம், ஈபிஎஃப் எந்த மாதத்திலிருந்து தொடங்கும் என்று, தொடங்கும் என்பதில் ஐயமில்லாத குரலில், சேரும் நாளே கேட்பது ஒரு விதம். இந்த மண்ணுக்கு அது புதிதும் அல்ல. போகத்துக்கு முன்பே வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனும் வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரும் கூலியைப் பேசி முடித்துத்தான் வயலில் இறங்கினார்கள், அறுவடைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று யாரும் விடவில்லை. முதலாளி மறுத்தாலும் வேலையை ஏற்கவேண்டிய நிலை என்றால் ஏற்கலாம், ஏற்ற நாளிலிருந்து ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், வாங்கிய சம்பளம் மூன்றையும் எழுதிவர வேண்டும். முடிந்தால் சம்பளத்தை வங்கிக் கணக்கில் வாங்க வேண்டும். கடிதம் இல்லை என்பதால் சட்டம் ஒருவரை ஊழியர் இல்லை என்று தள்ளிவிடாது. கட்டாத சேமலாப நிதியை மேலதிகக் கட்டணத்தோடு அறவிடும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு உண்டு. அந்த நாள் வரும்போது கொப்பியும் வங்கிப் பதிவும் பேசும்.

இரண்டாவது மறுப்பு முதலாளிகளுடையது, அதற்கும் காது கொடுக்க வேண்டும். கல்முனை பசாரிலோ சம்மாந்துறையிலோ மூன்று பேரை வைத்து நடத்தும் கடைக்கு இந்தச் செலவு பாரம் என்பார்கள். 27,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளியின் 15 வீதம் 4,050 ரூபா. சிறு கடைக்கு அது சுமையே. ஆனாலும் கட்டாமல் விடும்போது அந்தச் சுமையை இறக்கிவைப்பதில்லை, வேலை செய்கிறவரின் அறுபதாம் வயதின் மேல் ஏற்றிவைக்கிறோம். தொழில் தெரிந்த கை ஒன்று வருடா வருடம் விட்டுப் போவதன் இழப்பையும் முதலாளி கணக்கில் எழுதுவதில்லை. கடிதம் கொடுத்த கடையில் ஆள் நிலைப்பது அந்தக் கடைக்கே ஆதாயம்.

சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நேரத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. வேலையில் சேர்ந்தபின் மனிதரைத் தேய்ப்பது பெரும்பாலும் அதுதான். நோன்புப் பெருநாள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் புடவைக் கடை நள்ளிரவுவரை திறந்திருப்பது வியாபாரத்தின் இயல்பு. அந்தக் கிழமைகளில் தோள் கொடுப்பது முறை, அதற்கு மேலதிக நேரக் கூலி கேட்பதும் முறை. பெருநாள் முடிந்தபின்னும் அதே நேரம் வழக்கமாகிவிடுவதுதான் சிக்கல். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவும் அந்த வகையே, அது அரச அலுவலகங்களையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது முதலில் நல்ல பெயர் தரும், பிறகு தவறுகளைத் தரும். இரண்டு ஆள் வேலை ஒருவர் தலையில் விழும்போது ‘முடியாது’ என்று முறிப்பதைவிட, ‘இந்த இரண்டில் எதை இன்றைக்கு முடிக்க, எதை நாளைக்கு வைக்க?’ என்று கேட்பது பயன் தரும். அப்போது தெரிவு செய்யும் பொறுப்பு உரியவரிடம் போகிறது. பெண்களுக்கு இந்த நேரக் கணக்கு இன்னும் கூர்மையானது. சம்மாந்துறையிலும் வீரமுனையிலும் படித்த பெண்கள் பலர் கடை வேலையையோ கம்பனி வேலையையோ நாடாமல் இருப்பதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவார்களா என்பது தெரியாத வேலைக்கு எந்த வீடும் மகளை அனுப்பத் தயங்கும். முடியும் நேரத்தைக் கடிதத்தில் எழுதிக்கொடுக்கும் முதலாளிக்கு இந்த ஊர்களில் திறமையான பெண்கள் கிடைப்பார்கள்.

கடதாசி என்றவுடன் பட்டச் சான்றிதழ் மட்டுமே நினைவுக்கு வருவதும் நமக்குள்ள ஒரு குறை. பத்து வருடம் மேசன் வேலையோ வயரிங் வேலையோ செய்தவர், வகுப்பறைக்குப் போகாமலே, செய்துகாட்டி மதிப்பீடு பெற்று, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் அதற்கு வழி இருக்கிறது. கட்டாருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால், கூலியாள் என்று அல்லாமல் தொழிலாளி என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல இடம் உண்டு. ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்காமல், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறுவது, கடிதமில்லாத கடை வேலையைவிடப் பலமடங்கு ஆபத்தானது.

மீதி இருப்பது மதிப்பு. அதைச் சட்டத்தால் எழுதித்தர முடியாது என்ற மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கலியாணம் பேசும்போது ‘மாப்பிள்ளை கவுண்மேந்தா?’ என்ற கேள்விதான் இன்னும் முதலில் வருகிறது. இந்தக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைப்பதே வழக்கம். வயலை விற்றும் வட்டிக்கு வாங்கியும் வீடு கட்டிய தகப்பனுக்கு மருமகனின் வேலையை விசாரிக்க முழு உரிமை உண்டு. அவர் விசாரிக்கும் கேள்வியைக் கொஞ்சம் நீட்டலாம். ஒரே இடத்தில் எத்தனை வருடம் நின்றிருக்கிறார், கடிதம் கையில் இருக்கிறதா, ஈபிஎஃப் கட்டுகிறார்களா, பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார். கடைசிக் கேள்வியை மகளும் கேட்கட்டும்.